சர்ச்சுகளில் தடுப்பூசிக்கு டிஜிட்டல் உதவியாளர்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அட்லாண்டா_மதுரைக்காரன்

நாங்க செஞ்ச ஆப்பை இங்க ஒரு கறுப்பின பாப்டிஸ்ட் சர்ச்சுல காட்டப் போயிருந்தோம். ஆராதனை முடிஞ்சதும் டேப்லெட்டைக் கையில குடுத்துப் பேச விடுறதுதான் வேலை. திரையில கண்ணாடி போட்ட ஒரு கறுப்பினப் பெண் உருவம், தடுப்பூசி பத்தி எது கேட்டாலும் பதில் சொல்லும்.

'சர்ச் மதர்'னு அங்க மூத்த பெண்களுக்கு ஒரு மரியாதை இருக்கு, உங்களுக்கே தெரியும். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. அப்படி ஒரு அம்மா டேப்லெட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க: "டஸ்கீகி பத்தி உனக்கு என்ன தெரியும்?" (கறுப்பின ஆண்களோட நோய்க்கு மருந்து குடுக்காம அரசே பல வருஷம் வேடிக்கை பார்த்த ஆய்வு அது.)

உடனே அது சிரிச்ச முகமா, "நல்ல கேள்வி! ஊசி போட்ட இடத்துல ஒண்ணு ரெண்டு நாள் வலி இருக்கிறது சகஜம்"னு சொல்லுச்சு.

அந்தம்மா கோபப்படல. டேப்லெட்டைப் பாட்டுப் புத்தகத்து மேல கவுத்து வச்சுட்டு என்னைப் பார்த்து, "இதைப் பேச வச்சது யாருப்பா?"ன்னாங்க. ஆபீஸ்ல வந்து சொன்னா, அந்தக் கேள்வி நம்ம வரம்புக்குள்ள வராதுன்னு முடிச்சுட்டாங்க. எனக்கு இன்னும் ஆறல.

பாஸ்டன்_நர்ஸ்

தம்பி, அந்தம்மா கேட்டது நியாயம். ஆனா நான் பார்த்தது வேற மாதிரி. நான் உதவிக்குப் போற சர்ச்சுல ஒரு டீக்கன் (சர்ச் பொறுப்பாளர்), எழுபதைத் தாண்டினவர். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவர். "இந்த மாத்திரையோட ஊசி போடலாமா?"ன்னு டாக்டர்கிட்ட கேக்க அவருக்குக் கூச்சம். ராத்திரி வீட்ல உட்கார்ந்து இந்த உதவியாளர்கிட்ட திரும்பத் திரும்ப அதையே கேட்டிருக்கார். போடலாம், முதல்ல நர்ஸ்கிட்ட மாத்திரையைச் சொல்லிடுங்கன்னு அது சொல்லியிருக்கு.

ஞாயித்துக்கிழமை நேரா என்கிட்ட வந்துட்டார். கோட்டு, உள்கோட்டு, டை எல்லாம் ஒண்ணொண்ணா கழட்டி மனைவி கையில குடுத்தார். மெல்லிய ஊசியா எடுத்துப் போட்டேன். "ரெண்டு நிமிஷம் பஞ்சை அழுத்திப் பிடிங்கய்யா, தேய்க்காதீங்க"ன்னேன். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு முழு ரெண்டு நிமிஷமும் அசையாம பிடிச்சிருந்தார். மனுஷங்ககிட்ட கேக்கக் கூசுறதை மெஷின்கிட்ட கேக்குறாங்க. அதைச் சின்னதா நினைக்காதீங்க.

பர்மிங்ஹாம்_ஆய்வுமாணவர்

மதுரைக்காரரே, வரம்புக்குள்ள வராதுன்னு சொன்னவங்க மேல எனக்கும் கோபம்தான். டஸ்கீகி ஆய்வு நடந்த மேக்கன் கவுண்டி நான் இருக்கிற இதே அலபாமாவுலதான். அங்க ஒரு சர்ச்சுல ஒரு பெரியவர் என்கிட்ட சொன்னது: "அவங்களுக்கு ஊசி வழியா நோயை ஏத்தினாங்க." நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பின்பெஞ்சுல இருந்து இன்னொரு பெரியவர், "ஏத்தல. இருந்த நோய்க்கு மருந்து குடுக்காம விட்டாங்க. அது இன்னும் மோசம்"னார்.

அவர் சொன்னதுதான் சரி. 1932ல அரசு சுகாதாரத் துறை அந்த ஆய்வை ஆரம்பிச்சது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், அதுல 399 பேருக்கு சிபிலிஸ்ங்கிற பால்வினை நோய். 1940களோட கடைசியில அதைக் குணப்படுத்துற பென்சிலின் தாராளமா கிடைச்ச பிறகும் குடுக்கல. பத்திரிகையில வெளிவந்த பிறகு 1972லதான் நிறுத்தினாங்க. 1997ல அப்போதைய அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார்.

ஆப் செய்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: மேலே சொன்னதை முழுசா, மழுப்பாம அது சொல்லணும். யார் பணத்துல ஓடுது, பேசுறது எங்க பதிவாகுது, யார் படிப்பாங்கன்னு அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். எழுதின பதிலை சர்ச் மதர்கள் முன்னாடி வாசிச்சுக் காட்டி, அவங்க தலையாட்டின பிறகுதான் வெளியே விடணும். தெரியாத கேள்வி வந்தா பேச்சை மாத்தாம, சர்ச்சோட நர்ஸ் குழுவுல இருக்கிற ஆளோட இணைச்சு விடணும். மாடர்னா கொரோனா தடுப்பூசிக்குப் பின்னால இருந்த ஆய்வாளர்கள்ல ஒருத்தர் கிஸ்மெக்கியா கார்பெட், கறுப்பினப் பெண். சர்ச் மக்கள் முன்னாடி வந்து அவங்களே கேள்விகளுக்குப் பதில் சொன்னாங்க. அதையும் சேர்க்கணும். அப்புறம் எழுத்து பெருசா இருக்கணும், தயவுசெய்து.

இன்னொண்ணு, எல்லாத்தையும் டஸ்கீகி மேலயே போடாதீங்க. போன மாசம் எமர்ஜென்சில வலின்னு சொன்னதை நம்பாம உட்கார வச்சாங்களே, அந்தக் கசப்பும் இந்தக் கேள்விக்குள்ள இருக்கு.

ஃபிலடெல்பியா_அம்மா

ஆய்வுமாணவர் தம்பி, இவ்வளவு எழுதினீங்க, ஆனா ஆப் வேணுமான்னே நீங்க கேக்கலையே. இங்க கறுப்பின டாக்டர் ஆலா ஸ்டான்ஃபோர்டோட குழு 2020லயே சர்ச் வாகன நிறுத்தத்துல கொரோனா பரிசோதனை ஆரம்பிச்சாங்க. 2021 பிப்ரவரியில டெம்பிள் பல்கலைக்கழக அரங்குல தொடர்ந்து 24 மணி நேரம் ஊசி போட்டாங்க. முன்பதிவு கிடையாது. குளிர்ல அந்த வரிசையை நான் பார்த்தேன். மடக்கு நாற்காலி கொண்டு வந்து, போர்வையைத் தலையோட போத்திக்கிட்டு உட்கார்ந்திருந்த பாட்டிங்க. இணையத்துல பதிவு பண்ணுங்கன்னு சொன்னதாலதான் அதுவரைக்கும் அவங்களுக்கு ஊசி எட்டல. தங்கள் ஆளு, தங்கள் டாக்டர், நேர்ல நின்னாங்க; ஜனங்க வந்தாங்க.

பாஸ்டன்_நர்ஸ்

அக்கா, அது கொரோனா. சாவு பயம் இருந்துச்சு, ஜனம் நின்னுச்சு. வருஷா வருஷம் ஃப்ளூ ஊசிக்கும், நிமோனியா ஊசிக்கும், ரெண்டு டோஸ் அக்கி ஊசிக்கும் யார் குளிர்ல நிப்பாங்க? ரெண்டாவது டோஸ் எப்போன்னு ஞாபகப்படுத்த டாக்டர் வீடு வீடா வர மாட்டாங்க. அந்த இடத்துலதான் எனக்கு இது உதவுது.

மாட்டபான்_வாசி

பாஸ்டன்ல எங்க மாட்டபான் பக்கம் ஹைட்டி மக்களோட சர்ச்சுங்க நிறைய. பாட்டிமாருக்கு ஹைட்டியன் க்ரியோல்தான் வாய்க்கு வரும், ஆப் பேசுறது இங்கிலீஷ். ஒரு பையன், பதிமூணு வயசு இருக்கும், பாட்டி கேக்கக் கேக்க மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தான். உதவியாளர் ஒரு வாக்கியம் சொன்னா அவன் மூணு வாக்கியம் பேசினான். என்னடா சேர்த்துச் சொல்றேன்னு கேட்டேன். "பக்கத்து வீட்டு ஆன்ட்டி போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்கன்னு சொன்னேன்"னான். பாட்டி கேட்டது அதைத்தான்.

க்ரியோல்ல குரலோட பேசுற மாதிரி யாராவது செஞ்சிருந்தா இங்கேயே எழுதுங்க. எங்க பாஸ்டர் இலையுதிர்கால ஃப்ளூ முகாமுக்கு முன்னாடி கேட்டுக்கிட்டிருக்கார்.