பெரும்புள்ளிக்கு ஏன் ‘பிக் சீஸ்’?

பன்பட்டர்ஜாம்: நேத்து ஒரு இங்கிலீஷ் படம், கேங் தலைவன் உள்ள வரான், கீழ தமிழ் சப்டைட்டில்ல “பெரிய பாலாடைக்கட்டி வந்துவிட்டார்”னு ஓடுது. பெரும்புள்ளின்னு போட்டா முடிஞ்சுது. ஆனா பெரிய ஆளை ஏன்யா சீஸ்ங்கறாங்க?

பர்மாபஜார்: அது திங்கிற சீஸே இல்ல பாஸ். இந்தியில ‘சீஸ்’னா பொருள், பாரசீகத்துலேர்ந்து வந்தது. இங்க இருந்த வெள்ளக்காரங்க நல்ல சரக்குன்னா “ரியல் சீஸ்”னு சொல்லிச் சொல்லி அப்படியே ஊருக்கும் கொண்டுபோயிட்டாங்க. இங்கேர்ந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகளுக்குன்னே 1886ல வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில இருக்கு.

மோர்மிளகாய்: ஆரம்பிச்சிட்டாங்கப்பா, எல்லாமே நம்மகிட்டேர்ந்து போனதுதான்! 1802ல மாசசூசெட்ஸ்ல செஷயர்ங்கற ஊர்க்காரங்க ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு 1235 பவுண்டு சீஸ் குடுத்தாங்க, அதாவது 560 கிலோ, ஒரே கட்டி. அவ்ளோ பெரிய சீஸ் யாருக்குப் போகும், பெரிய தலைக்குத்தான?

பர்மாபஜார்: கதை ஜோரு. ஆனா ஆளை பிக் சீஸ்னு சொல்ல ஆரம்பிச்சது 1900க்கு அப்புறம், அமெரிக்காவுல. நடுவுல நூறு வருஷம் உங்க சீஸ் எங்க ஊறிட்டு இருந்துச்சு?

மோர்மிளகாய்: அதே கேள்வி உங்களுக்கும்தான். ரியல் சீஸ்னு குதிரையைச் சொன்னாங்க, சுருட்டைச் சொன்னாங்க. ஆளை யாரு சொன்னா?

பர்மாபஜார்: லண்டன்ல 19ஆம் நூற்றாண்டுலயே “தட்ஸ் தி சீஸ்”னா ‘அதான் கரெக்ட்டு’ன்னு அர்த்தம், அமெரிக்கா போனதும் பிக் ஒட்டிக்கிச்சு, அவ்ளோதான். சுருட்டுன்னதும் ஞாபகம் வருது, செரூட்ங்கற இங்கிலீஷ் வார்த்தையே நம்ம சுருட்டுதான். அகராதி தொகுத்த ரெண்டு பேர்ல பர்னல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு தெரியும்ல?

மோர்மிளகாய்: ஜட்ஜா இருந்தா அவர் சொன்னது தீர்ப்பாயிடுமா? அந்த புக்கே ‘இதுவாத்தான் இருக்கணும்’னு சொல்லுதே தவிர அடிச்சுச் சொல்லல. போய் படிங்க.

ஓரமாநிக்கிறவன்: இதுக்கு பெரும்புள்ளியைச் சொல்ற இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை ‘பிக்விக்’, அதாவது பெரிய விக், எவ்ளோ தேவலாம், சண்டையே இல்ல. 17ஆம் நூற்றாண்டுல 14ஆம் லூயியைப் பாத்து எல்லாரும் விக் மாட்ட ஆரம்பிச்சு, காசு இருக்கறவன் தோள் வரைக்கும் தொங்கவிட்டான், தலை பெருசுன்னா ஆளும் பெருசு. 1795ல இங்கிலாந்துல தலைக்குப் போடற பவுடருக்கே வருஷத்துக்கு 1 கினி, அந்தக் காலத்து தங்கக் காசு, வரி!

மோர்மிளகாய்: பவுடருக்கு வரியா, நல்லவேளை நம்மாளுங்க யாரும் அதைப் படிக்கல.

பன்பட்டர்ஜாம்: நீங்க அடிச்சுக்கங்க. அடுத்த சீன்லயே பாலாடைக்கட்டியைச் சுட்டுட்டாங்க, நான் அழறதா சிரிக்கறதான்னு தெரியாம டிவியை ஆஃப் பண்ணிட்டேன்.