ஓட்டம் நாலு கிலோமீட்டர்லயே நின்னு போச்சு, உங்களுக்கு எப்படி நகர்ந்துச்சு?

கன்னங்குறிச்சிக்காரன்:
சேலத்துல மூக்கனேரிக் கரைப்பக்கம் ஓடறவங்களுக்குத் தெரியும், விடியக்காலைல பால் சைக்கிள் போகும். ஓட ஆரம்பிச்ச ரெண்டு மாசம் எனக்கு ராஜயோகம், வாராவாரம் தூரம் கூடுச்சு. அப்புறம் 4 கிலோமீட்டர், 31 நிமிஷம். அதோட சரி. ஏழு வாரம் அதே 31. ஒருநாள் 30:50 வந்ததுக்கு வீட்ல கேசரி கிளறச் சொன்னேன்னா பாத்துக்கங்க.

அன்னிக்கு ஒரு பெரியவர், கேரியர்ல ரெண்டு பக்கமும் கேன், மெதுவா மிதிச்சு என் பக்கத்துல வந்தாரு. "எந்த ஊரு கண்ணு?" வாயத் தொறந்தா காத்துதான் வருது. "கன்..." அவ்ளோதான். அவரும் விடல. "சாப்ட்டியா? யாரு பையன்?" கேன் மூடி கடகடன்னு ஆடுது, நான் மேமேன்னு முழிக்கிறேன். "பேசக்கூட முடியாம எதுக்குச் சாமி ஓடற?"ன்னு கேட்டுட்டு பெல் அடிச்சுட்டுப் போயிட்டாரு.

அவமானமாப் போச்சு. வீட்டுக்கு வந்து குளிக்கறப்பதான் உறைச்சுது, தினமும் நான் பந்தயமாத்தான் ஓடிட்டிருந்திருக்கேன்! மறுநாள்லருந்து அறுபடை வீட்டுப் பேரையும் வாய்விட்டுச் சொல்லிட்டே ஓடறது, திருத்தணி வர்றதுக்குள்ள மூச்சு முட்டுனா நடை. மொத வாரம் 38 நிமிஷம். வாக்கிங் மாமாக்கள்லாம் நெருங்கி வந்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு 6 கிலோமீட்டர் ஓடிட்டேன். பழைய நாலை ஒரு ஞாயித்துக்கிழமை இழுத்துப் பாத்தேன், 28.

ஸ்டேடியம் அக்கா:
கதை நல்லாருக்கு தம்பி. அதுக்காக மெதுவா ஓடுனா எல்லாம் சரியாயிரும்னு ஊருக்கே சொல்லிராதீங்க. காந்தி ஸ்டேடியத்துல நான் ஊர்வம்பு பேசிட்டேதான் ஓடுனேன். மூணு மாசமா 2 கிலோமீட்டர் தாண்டல, போகப்போக அதுவும் குறைஞ்சுது. ஒருநாள் கேலரிப் படியில குனிஞ்சு லேஸ் கட்டிட்டு நிமிர்ந்தா கண்ணு இருட்டிருச்சு. வாக்கிங் வர்ற அம்மா ஒருத்தங்க, கேக்காமக்கூட என் கீழ் இமையை இழுத்துப் பாத்தாங்க. விரல்ல மல்லிப்பூ வாசம். "வெளுத்துக் கிடக்கு, மொதல்ல ரத்தத்தப் பாரு"ன்னாங்க. ஹீமோகுளோபின் 8.9. பொம்பளைங்களுக்கு 12ஆவது இருக்கணும். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாரு. சோறு உண்ட கையோட காபி குடிச்சா இரும்பு உடம்புல சரியாச் சேராதுன்னும் சொல்லிட்டாரு, அதான் கொடுமை. நாலு மாசத்துல 12 தொட்டுச்சு, தூரம் தானா நீண்டுச்சு.

இருபதாவது வளைவு:
ரெண்டு பேரும் சுத்தி வளைக்கறீங்க. மேடு ஏறுங்க, நகரும். நான் அடிவாரத்துலருந்து ஏற்காடு ரோட்டுல ஏறுனேன், மூணாவது கொண்டை ஊசி வளைவுல குரங்கு என் வாழைப்பழத்தைப் புடுங்கிருச்சு, திரும்பிட்டேன். அதை விடுங்க.

வாரம் மூணு நாள் ஓடுனா போதும். ஒருநாள் சின்ன மேட்டுல 20 செகண்ட் வேகமா ஏறி நடந்து இறங்கணும், ஆறு தடவை. ஒருநாள் நீளமா, ஒருநாள் சும்மா காத்து வாங்கற மாதிரி. நாலு வாரத்துக்கு ஒருக்கா தூரத்தைக் குறைச்சிருங்க, உடம்பு பலமாகறது ஓய்வுலதான். ஏப்ரல், மே மாசத்துல நம்மூர்ல நேரம் பாக்கவே பாக்காதீங்க. உடம்புச் சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்கு ஓடும், அதே வேகத்துக்கு நெஞ்சு அதிகமா அடிக்கும். ஏற்காடு குளுகுளுன்னு இருக்கேன்னு லேக்கைச் சுத்தி ஓடிட்டு டைம் போச்சேன்னும் அழாதீங்க, அது 1500 மீட்டர் உயரம், காத்துல கனம் கம்மி. அப்புறம் ராத்திரி பத்துக்குள்ள படுங்க, போனைத் தள்ளி வைங்க, கம்பங்கூழ் குடிங்க...

கன்னங்குறிச்சிக்காரன்:
அண்ணே, மூணாவது வளைவுல திரும்புனவருக்குப் பேரு இருபதாவது வளைவா?

இருபதாவது வளைவு:
பஸ்ல போயிருக்கேன் தம்பி.

கன்னங்குறிச்சிக்காரன்:
அக்கா, நீங்க சொன்னதால நானும் ரத்தம் பாத்துட்டேன், 14. அந்தப் பெரியவரைத்தான் அப்புறம் பாக்கவே முடியல. ஹேண்டில்ல மஞ்சப்பை தொங்கும், யாராச்சும் பாத்தா சொல்லிருங்க: ஊரு கன்னங்குறிச்சி, வெறும் வயிறு, டைலர் கடைக்காரர் பையன்.