பொறியியல் முடித்தவர் 27 வயதில் எம்.பி.பி.எஸ். சேர இயலுமா?

கேள்வி:
பொறியியல் முடித்து ஆறு ஆண்டுகளாகச் சென்னையில் மென்பொருள் பணியில் இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்ததால் உயிரியல் படிக்கவில்லை. நான் நீட் எழுதலாமா?

பதில் 1:
எழுதலாம். வயது உச்சவரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின், அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களையும் ஏற்கலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. முதலில் அந்தச் சான்றிதழைப் பெறுங்கள். பயிற்சி மையத்துக்கு இப்போதே பணம் கட்டிவிடாதீர்கள்.

பதில் 2:
நானும் இவ்வழியில் வந்தவன்தான், தம்பி. 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கே என்பதால், இயற்பியல் நமக்குக் கைவந்தது என்ற பொறியாளரின் இறுமாப்பு (எனக்கும் இருந்தது) முதல் மாதிரித் தேர்விலேயே கரைந்துவிடும். விடியற்காலையில் என்சிஇஆர்டி பாடநூலை மூடி வைத்துவிட்டு, செல்கள் உணவிலிருந்து ஆற்றல் பெறும் வேதிவினைத் தொடரான கிரெப்ஸ் சுழற்சியை நினைவிலிருந்து வரைவேன். அதில் வரும் சக்சினேட் என்ற சேர்மம் தன் இடத்தில் அமர மூன்று நாட்கள் பிடித்தன. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும் என்பதால், ஊகித்து நிரப்பும் பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது.

பதில் 3:
பயிற்சி மருத்துவராகப் பணிபுரியும் ஓராண்டையும் சேர்த்தால் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். வீட்டுக் கடன் தவணை இருந்தால், அதை யார் கட்டுவார் என்பதை வீட்டாரோடு அமர்ந்து பேசிய பிறகே வேலையை விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
தவணை இருக்கிறது, ஐயா. இன்றிரவே அப்பாவிடம் பேசுகிறேன்.