ஆர்எக்ஸ் 100 டேங்க்: பழைய உள்பூச்சு உரியுது, அடியில் துரு. சுத்தம் செஞ்சு மறுபடி பூசலாமா?

வேதை_டூஸ்ட்ரோக்

வண்டி 1994 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். இருப்பு வேதாரண்யம் பக்கம், உப்புக்காத்து எப்பவும் உண்டு. ரொம்ப நாள் கொட்டகையில் நின்ன வண்டி. ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச தூரம் போகுது, பெட்ரோல் வராம இழுத்துக்கிட்டு நின்னுடுது. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழட்டினா செந்தூள், கூடவே நகம் அகலத்துக்கு வெள்ளைச் செதில். டேங்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். முன்னாடி வச்சிருந்தவர் ஏதோ பூச்சு ஊத்தியிருக்கார். மேல் பக்கம் நல்லா பிடிச்சிருக்கு, அடியில் வெங்காயத் தோல் மாதிரி உரியுது, அதுக்குக் கீழே துரு. ஒழுகல் இன்னும் இல்லை.

உரியுறதை மட்டும் எடுத்துட்டு மேலேயே புதுப் பூச்சு ஊத்தலாமா? டாய்லெட் ஆசிட் ஊத்தி அலசச் சொல்றாங்க, சரியா? இன்னொண்ணு, கும்பகோணத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுற மாதிரி டேங்குக்குள்ளேயும் பூச முடியுமா?

ஆரூர்_ஸ்பானர்

தம்பி, பழைய பூச்சு முழுசா வெளியே வரணும். மேல் பக்கம் பிடிச்சிருக்குன்னு விட்டுவச்சா, அது உரியுற அன்னிக்குப் புதுசையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வரும்.

முதல்ல அது என்ன பூச்சுன்னு பாருங்க. கம்பி நுனியில் பஞ்சைச் சுத்தி, அசிட்டோன்ல நனைச்சு, மூடி வாய்க்கு உள்ளே தெரியுற பூச்சு மேல ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. பிசுபிசுன்னு இளகினா வேலை சுலபம். டேங்கில் ஒரு லிட்டர் அசிட்டோன் ஊத்தி, நிழலில் வச்சு, அரை மணிக்கு ஒரு தரம் புரட்டிப் புரட்டிப் போடுங்க. ஒவ்வொரு தரமும் வாயைத் திறந்து அழுத்தத்தை விட்டுடணும். ராத்திரி ஊறவிட்டுக் காலையில் வடிச்சா கொழகொழன்னு வரும். மறுபடி அரை லிட்டர் புதுசா ஊத்தி அலசுங்க. பஞ்சு வச்சும் அசையலைன்னா அது எபாக்சி (ரெசினும் ஹார்டனரும் கலந்து இறுகுற பூச்சு). அதுக்கு மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவர்தான் வேலை செய்யும். திறந்தவெளியில் மட்டும் கையாளுங்க. சாதாரண ரப்பர் கையுறையைச் சில நிமிஷத்தில் ஊடுருவிடும், அதனால கையை விட்டுத் துழாவாதீங்க. வெளிப் பெயின்டில் ஒரு சொட்டுப் பட்டாலும் கொப்புளிக்கும். மூடி வாயைச் சுத்தியும் பெட்ரோல் டேப் (திறந்து மூடுற குழாய்) துளையைச் சுத்தியும் முன்கூட்டியே வாஸ்லினைத் தடிப்பா தடவிடுங்க.

ஊறினதை உரிச்சு எடுக்க மெல்லிய இரும்புச் சங்கிலி ஒரு முழம் போதும். நட், ஸ்க்ரூ போட்டுக் குலுக்குறவங்க உண்டு. அப்படின்னா எண்ணிப் போட்டு எண்ணி எடுங்க, ஒண்ணு ரெண்டு மடிப்புக்குள்ள சிக்கி நின்னுடும். சங்கிலின்னா ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தா மொத்தமும் வந்துடும். டேங்கை ரெண்டு சாக்கில் சுத்திக்கிட்டுப் புரட்டுங்க.

இதுக்கு முன்னாடியே பெட்ரோல் டேப், மூடி, மூடி ரப்பர் எல்லாம் கழட்டியிருக்கணும். டேப் துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வச்சு போல்ட்டால மூடுங்க. துணியை அடைச்சா ஆசிட் வேலையில் ஒழுகும்.

குடந்தை_பற்றவைப்பு

ஈயம் பூசும் கேள்விக்கு: முடியாது. பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கி, பஞ்சால் துடைத்துப் பரப்ப வேண்டும். மூடிய டேங்கில் கை போகாது, உள்ளே பஞ்சு ஓடாது, அந்தச் சூட்டில் வெளிப் பெயின்ட் கருகிவிடும். ஆனால் ஊசித் துளை இருந்தால் வெளியிலிருந்து ஈயப்பற்று (சால்டரிங்) வைப்பது நல்ல முறை. அதற்குக் கீழே வருகிறேன்.

டாய்லெட் ஆசிட் வேண்டாம். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் ஆசிட் துருவைச் சீக்கிரம் எடுக்கும் என்பது உண்மை. துரு தீர்ந்ததும் நிற்காமல் தகட்டையும் தின்னும். ஏற்கெனவே மெலிந்த அடிப்பகுதியில் நேற்று வரை இல்லாத துளை இன்று தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை, மடிப்புத் தையலுக்குள் தங்கும் குளோரைடு. எத்தனை முறை அலசினாலும் கொஞ்சம் நிற்கும், பூச்சுக்கு அடியில் துரு மறுபடி கிளம்பும்.

சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள். லிட்டருக்கு 70 கிராம் கணக்கு. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் இருந்தால் வேகம். டேங்கைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் நீர்மட்டக் கோட்டில் துரு அப்படியே நிற்கும். மூடியை இறுக்காதீர்கள், ஹைட்ரஜன் வெளிவரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. 8 மணி நேரத்தில் ஒருமுறை பாருங்கள், அதிகபட்சம் 24. அதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும்: சுடுதண்ணீர், லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா, கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு. பிசுக்கு இருந்த இடத்தில் ஆசிட் தொடவே தொடாது. திட்டுத் திட்டாகத் துரு மிஞ்சுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆசிட்டை வடித்ததும் 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆப்பசோடா கரைத்து அலசுங்கள். நுரை அடங்கும் வரை.

துளை பார்க்க: இருட்டில் டேங்குக்குள் சின்ன எல்இடி விளக்கை விட்டு வெளியிலிருந்து பாருங்கள். சந்தேகமான இடத்தில் சோப்பு நுரை தடவி, ட்யூப் வழியாக வாயால் ஊதினால் போதும். கம்ப்ரஸர் காற்றை விடாதீர்கள், டேங்க் உப்பிவிடும், பிறகு சீட்டும் உட்காராது. பெரும்பாலும் துளை விழுவது டேப் இல்லாத பக்கத்துப் பள்ளத்தில்தான். அங்கே தேங்கும் தண்ணீர் டேப் வழியாக வடிவதே இல்லை.

தஞ்சாவூர்_ரெசின்

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி. நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு விட்டுப்போச்சு: தண்ணீர். கடலோரப் போர்வெல் தண்ணீரில் உப்பு இருக்கும். ஆசிட்டில் பளிச்சுன்னு வந்த இரும்பை அந்தத் தண்ணீரில் கடைசியா அலசினா, காயுறதுக்குள்ள மஞ்சள் படியும். முதல் அலசல் எதுலயும் இருக்கட்டும், கடைசி ரெண்டு அலசல் ஆர்ஓ தண்ணீர் இல்லன்னா பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர். 2 லிட்டர் வீதம் போதும்.

பூச்சு ஊத்துறதா இருந்தா நடுவுல இன்னொரு வேலை இருக்கு. ஆப்பசோடா அலசல் முடிஞ்சு நல்ல தண்ணியில் கழுவினதும், பாஸ்பாரிக் ஆசிட் ஒரு பங்குக்குத் தண்ணி பத்துப் பங்கு. தண்ணீரில் ஆசிட்டை ஊத்தணும், மாத்தி ஊத்தக்கூடாது. அரை மணி நேரம் புரட்டி வடிச்சா உள்ளே சாம்பல் நிறத்தில் மெல்லிய பாஸ்பேட் படலம் நிக்கும். உடனடித் துருவைத் தள்ளிப்போடும், எபாக்சிக்கும் பிடிமானம். அதுக்கு அப்புறம்தான் ஆர்ஓ அலசல்.

காயவைக்குற விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. 250 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊத்திப் புரட்டி வடிங்க, மடிப்பில் நிக்கிற தண்ணியை அது இழுத்துக்கும். அப்புறம் சூடு இல்லாத காத்தை ப்ளோயரால உள்ளே ஊதுங்க. ஆல்கஹால் வாசம் இருக்குறப்போ ஹீட் கன் பக்கத்திலேயே வரக்கூடாது. பஞ்சர் கடைக் காத்தும் வேண்டாம், அதில் தண்ணியும் எண்ணெயும் சேர்ந்தே வரும், எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு வட்ட வட்டமா விலகி நிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீங்க. ஈரப்பதம் ஏறினா எபாக்சி மேல எண்ணெய்ப் பசை மாதிரி மெழுகு படியும், ரெண்டாவது கோட் பிடிக்காது. பங்குனி, சித்திரை வெயில்தான் தோது.

இப்போ எந்தப் பூச்சு. 2023-ல இருந்து 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வந்தாச்சு. பழைய பூச்சு பலது எத்தனாலைத் தாங்குற மாதிரி செஞ்சதே இல்லை, ஊறி மெத்துன்னு ஆகி உரியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் ஒண்ணாச் சேர்ந்து அடியில் தங்கிடும். உங்களுக்கு அடி மட்டும் உரியுறதுக்கு இதுதான் காரணமா இருக்கணும். வாங்குறப்போ நோவோலாக் எபாக்சின்னு (எத்தனாலைத் தாங்குற எபாக்சி வகை) போட்டிருக்கான்னு பாருங்க. ஃபைபர் வேலைக்கு வர்ற பாலியெஸ்டர் ரெசினும், பிசைஞ்சு ஒட்டுற எபாக்சிப் பசையும் இதுக்கு ஆகாது.

10 லிட்டர் டேங்குக்கு 230 மில்லி சுமார். ரெசினையும் ஹார்டனரையும் கண் மதிப்பில் கலக்காதீங்க, நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசில் டப்பாவில் போட்டிருக்கிற விகிதத்துக்கு எடை போடுங்க. கலந்ததும் நேரம் ஓடுது, நம்ம வெயிலில் 20 நிமிஷம்தான் கிடைக்கும். ஊத்தி, வாயை மூடி, எல்லாப் பக்கமும் மெதுவா சாய்ச்சு, ஓட்டம் நிக்கிற வரைக்கும் புரட்டணும். மிச்சத்தைக் கட்டாயம் வடிச்சுடணும். பள்ளத்தில் தேங்கினது தடிப்பா இறுகும், சூடாகும், சுருங்கி விரிசல் விடும். டேப் போல்ட் மரையில் கிரீஸ் தடவிப் பழைய போல்ட்டைத் திருகி வைங்க. மூடி உட்காரும் விளிம்பைப் பஞ்சால துடைச்சுடுங்க.

அதே கலவையில் ஒரு சொட்டை டின் மூடி மேல தடவிக் கூடவே காயவைங்க. நாலு நாள் கழிச்சு அந்த மூடியைப் பெட்ரோல் பங்கில் வாங்கின பெட்ரோல் உள்ள பாட்டிலில் ஒரு வாரம் போட்டுவைங்க. எடுத்து நகத்தால அழுத்துங்க. தடம் பதிஞ்சா டேங்கில் பெட்ரோல் ஊத்தாதீங்க.

ஆரூர்_ஸ்பானர்

ரெசின் அண்ணன் சொல்ற முறையில் குறை இல்லை. ஆனா துளை இல்லாத டேங்குக்குப் பூச்சே வேணுமாங்கிறது என் கேள்வி. துருவை எடுத்து, காயவச்சு, 50 மில்லி டூ-டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) உள்ளே புரட்டி வடிச்சுட்டு, வண்டியைத் தினமும் ஓட்டினா போதும். இன்னிக்குப் பூசுறது நாளைக்கு உரிஞ்சா இதே வேலைதான், இதைவிடக் கஷ்டமா. ஆர்எக்ஸில் ஆயில் தனி டேங்கில் இருந்து பம்ப் வழியா இன்ஜினுக்குப் போகுது, டேங்கில் பெட்ரோலோட கலக்குறது இல்லை. அதனால டேங்குக்குத் தானா எண்ணெய்ப் படலம் கிடைக்கும்னு நினைக்காதீங்க.

தஞ்சாவூர்_ரெசின்

தினமும் ஓடுற வண்டின்னா ஒத்துக்குறேன். கடலோரத்தில் மாசக்கணக்கில் நிக்கிற வண்டிக்கு ஒத்துக்க மாட்டேன். நிறுத்துறதா இருந்தா டேங்க் ரொம்பி இருக்கணும், கார்புரேட்டர் கிண்ணம் வடிச்சிருக்கணும்.

வேதை_டூஸ்ட்ரோக்

எல்லாருக்கும் நன்றிண்ணே. பஞ்சு வச்சுப் பார்த்தேன், அசிட்டோனில் இளகுது. விளக்கு விட்டுப் பார்த்ததில் டேப் இல்லாத பக்கம் மடிப்பு ஓரம் ரெண்டு புள்ளி தெரியுது. பற்று வைக்குறது பூச்சுக்கு முன்னாடியா, பின்னாடியா?

குடந்தை_பற்றவைப்பு

முன்னால். சிட்ரிக் முடிந்து, பாஸ்பாரிக்குக்கு முன். பெட்ரோல் வாசம் துளியும் இருக்கக்கூடாது. காலியாக இருக்கும் டேங்க்தான் வெடிக்கும், ஆவி உள்ளேயே நிற்கும். சலவைச் சோடாத் தண்ணீரில் இரண்டு முறை சுடச்சுட அலசி, பற்று வைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பி, அந்த இடம் மேலே வருமாறு சாய்த்து வையுங்கள். மேலே காற்றுக்கு இடம் குறைய வேண்டும், தகட்டின் பின்பக்கம் தண்ணீர் தொடக்கூடாது. தொட்டால் சூடு ஏறாது. கேஸ் நெருப்பு வேண்டாம், தாமிரப் பற்றுக்கோலைத் தனியாகக் காய்ச்சி எடுத்து வாருங்கள்.

துளையைச் சுற்றி ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிய வேண்டும். துத்தநாகக் குளோரைடு தொட்டு, ஈயம் தானாகப் பரவும் வரை கோலை அசைக்காதீர்கள். உருண்டு உருண்டு நின்றால் இரும்பு சுத்தமாகவில்லை என்று அர்த்தம். ஆறியதும் அந்தத் திராவகத்தைச் சோடாத் தண்ணீரால் உடனே கழுவ வேண்டும், விட்டால் பற்றைச் சுற்றியே துரு பிடிக்கும். துளை பெரிதாக இருந்தால் தனியாகத் தகடு வெட்டி வைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து மாட்டும்போது டேப் ரப்பரும் ஜாலியும் (வடிகட்டும் வலை) புதிதாகப் போடுங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள், அது அடைத்திருந்தாலும் இதே மாதிரி இழுத்து நிற்கும். பெட்ரோல் லைனில் வலை ஃபில்டர் மாட்டுங்கள். இந்த வண்டிக்கு பெட்ரோல் பம்ப் இல்லை, பெட்ரோல் தானாக இறங்குவதுதான். காகித ஃபில்டரில் தண்ணீர் பட்டால் ஓட்டம் நின்றுவிடும். வடித்த பழைய பெட்ரோலையும் அசிட்டோன் கரைசலையும் வாய்க்காலில் கொட்டாமல் மூடிய கேனில் வையுங்கள்.