கல்லூரிக் கூடைப்பந்து அரங்கில் உணவுக் கடைகளைச் சீர்செய்ய எங்கிருந்து தொடங்குவது?

வினா

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் முதுகலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அரங்கின் உணவுக் கடைகளைப் பற்றி மாணவர்களின் கருத்தைத் தொகுத்துத் தரும் குழுவில் இந்த ஆண்டு என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ 6,000 பேர் அமரக்கூடிய அரங்கு அது. முதல் பாதி முடிந்ததும் கிடைக்கும் 15 நிமிட இடைவேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வருவதால், வரிசையில் நிற்பவர்களில் பலர் இரண்டாம் பாதியின் தொடக்கத்தைத் தவறவிடுகிறார்கள். இன்னும் பலர் வரிசையின் நீளத்தைக் கண்டவுடன் வெறுங்கையோடு இருக்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கிடைப்பதும் ஹாட்டாக், நாச்சோ, சிக்கன், பாப்கார்ன் போன்றவைதாம். குழுவினரில் பெரும்பாலோர் புதிய உணவு வகைகளைக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். சைவ உணவு மட்டும் உண்பவன் என்பதால் எனக்கும் அந்த விருப்பம் உண்டு. ஆனால் ஒரே ஒரு கோரிக்கைக்குத்தான் நிர்வாகம் செவிசாய்க்கும் என்றால் எதைக் கேட்பது? இத்துறையில் பழகியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி

தம்பிக்கு வணக்கம். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கு நிதி திரட்டுவதற்காகப் பெற்றோர் சிலர் சேர்ந்து, ஒரு கல்லூரி அரங்கின் கடையில் இரண்டு பருவங்கள் வேலை செய்தோம். இந்நாட்டில் பல அரங்குகளில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்கள் இப்படிப்பட்ட தன்னார்வக் குழுவினர்தாம். விற்பனையில் ஒரு பங்கு அந்தக் குழுவுக்குப் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பாதிப் பேர் புதியவர்களாக இருப்பார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

எங்கள் கடையில் நேரத்தைத் தின்றது சமையல் அன்று, குளிர்பானம். கோப்பையை எடுத்து, பனிக்கட்டி போட்டு, சோடாவைப் பிடித்து, நுரை அடங்கும் வரை காத்திருந்து, மறுபடி நிரப்பி, மூடி போட்டுக் கொடுப்பதற்குள் அடுத்தவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். ஒரு பருவத்தின் நடுவில் மேலாளர் அந்த இயந்திரத்தை வெளியே நடைபாதைச் சுவரோரம் வைத்து, எங்களை வெறும் கோப்பையை மட்டும் விற்கச் சொன்னார். அன்றிலிருந்து கடையின் முகமே மாறிவிட்டது. தக்காளி கெட்சப், கடுகுச் சாந்து போன்றவற்றையும் கவுண்டரில் வைக்காமல் தள்ளி ஒரு மேசையில் வைக்கச் சொல்லுங்கள். புதிய உணவு வகைகளைப் பற்றிப் பிறகு பேசலாம். பட்டியலில் ஒரு வரி கூடினாலே கவுண்டரின் முன் நின்று யோசிப்பவர்களின் எண்ணிக்கையும் கூடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே அண்ணன் சொன்னதை எண்களில் காட்டுகிறேன். உங்கள் அரங்கில் 24 கவுண்டர்கள் இருப்பதாகவும், ஒருவருக்கு 90 விநாடி ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். 15 நிமிடத்தில் ஒரு கவுண்டர் 10 பேரை அனுப்பும். மொத்தம் 240 பேர். அதே ஆட்களை வைத்துக்கொண்டு அந்த நேரத்தை 45 விநாடியாகக் குறைத்தால் 480 பேர். எந்தப் புதிய உணவும் இவ்வளவு பேரைக் கூடுதலாகச் சாப்பிட வைக்காது.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அதையும் சேர்த்தே பேச வேண்டும். அட்லாண்டாவில் 2017-இல் திறக்கப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸ் அரங்கில் ஹாட்டாக்கை 2 டாலருக்கும், மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளும் சோடாவை 2 டாலருக்கும், வரி உட்பட முழு டாலர் விலையில் விற்றார்கள். முந்தைய அரங்கைவிட விலை பாதியாகக் குறைந்திருந்தும், அங்கே ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியான ஃபால்கன்ஸின் முதல் பருவத்தில் ஒரு ரசிகர் உணவுக்குச் செலவிட்ட தொகை 16 விழுக்காடு உயர்ந்தது. சோடாவை அங்கே ரசிகர்கள் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் உங்கள் நிர்வாகம் விரும்பினாலும் விலையைக் குறைக்க முடியுமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. விற்பனையில் இத்தனை விழுக்காடு பல்கலைக்கழகத்துக்கு என்று எழுதப்பட்டிருந்தால், இழப்பு ஏற்படும் அபாயம் கடை நடத்தும் நிறுவனத்தின் தலையில் இருக்கும். அது விலையைக் குறைக்கத் தயங்குவது இயல்பு. கடையை நடத்துவதற்காக அந்த நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகம் கட்டணம் மட்டும் கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்தால் விலை பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும். முதலில் இதைக் கேட்டறியுங்கள்.

இன்னொன்று. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் ஆடவர் ஆட்டங்களில் ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடங்கள் மீதமிருக்கும் கட்டங்களை ஒட்டி ஆட்டம் நிறுத்தப்படுகிறது. கைப்பேசியில் முன்பதிவு செய்தவர்கள் அந்த நிறுத்தங்களில் வந்து எடுத்துச் செல்லும்படி தனி அலமாரி ஒன்று வைத்தால் இடைவேளையின் நெரிசல் கொஞ்சம் கரையும்.

மூன்றாம் மறுமொழி

தம்பி, வேகம் முக்கியம்தான். ஆனால் சைவ உணவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. என் மகள் படிக்கும் கல்லூரியில் உருளைக்கிழங்கு வறுவல் சைவம் என்று நம்பி ஓர் ஆண்டு முழுவதும் வாங்கிச் சாப்பிட்டோம். சிக்கன் பொரிக்கும் அதே எண்ணெயில்தான் அதையும் பொரிக்கிறார்கள் என்பது ஒருநாள் தற்செயலாகத் தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தைச் சொல்லி முடியாது. எங்களை யாரும் ஏமாற்றவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு சட்டியைத் தனியே ஒதுக்குவதும், எதில் என்ன இருக்கிறது என்று பலகையில் எழுதுவதும் வரிசையின் வேகத்தைக் குறைக்காது. கேள்விகள் குறைவதால் கூட்டவே செய்யும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அந்தப் பலகை தேவை. சட்டம் குறிப்பிடும் முதன்மை ஒவ்வாமைப் பொருள்களில் 2023 ஜனவரி முதல் எள்ளும் ஒன்பதாவதாகச் சேர்ந்திருக்கிறது. ரொட்டிகளில் அது இருக்கக்கூடும்.

நம் மாணவர்கள் தோசை வேண்டும் என்று கேட்பார்கள், கேட்காதீர்கள். அது அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டிய உணவு. சோறும் கொண்டைக்கடலைக் குழம்பும் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி சூடான உணவை 57 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். குழம்பு அந்தச் சூட்டில் சுவை கெடாமல் இருக்கும், ஒரே கரண்டியில் பரிமாறியும் விடலாம்.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. அம்மா சொன்ன எண்ணெய் விஷயம் எங்கள் அரங்கில் எப்படி என்று எனக்கே தெரியாது. நானும் அந்த வறுவலைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன், நாளையே கேட்கிறேன். குளிர்பான இயந்திரத்தை வெளியே வைப்பதையும் கடலைக் குழம்பையும் ஒரே கோரிக்கையாக, வரிசையைக் குறைக்கும் ஏற்பாடு என்ற பெயரிலேயே எழுதலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் எங்கள் கவுண்டர்களில் ஒருவருக்கு உண்மையில் எத்தனை விநாடி ஆகிறது என்று தெரிய வேண்டும். வரும் சனிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் நானும் நண்பர்கள் இருவரும் மூன்று கடைகளின் அருகே நின்று நேரத்தைக் குறித்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைக்கும் எண்களை ஞாயிற்றுக்கிழமை இங்கேயே பதிகிறேன்.