யோகா வகுப்புக்குச் சின்னம்: மயில் சரிவருமா?

கொட்டான்:
காரைக்குடியில பழைய வீட்டு வளவுல யோகா வகுப்பு தொடங்குறோம். வர்றவங்க பெரும்பாலும் 50 தாண்டின ஆச்சிமார். பார்த்ததும் சிரிப்பு வர்ற மாதிரி சின்னம் வேணும். மயூராசனம் போடுற மயில் நினைச்சிருக்கோம். பலகை, டி-சர்ட், ஆத்தங்குடிக் கல் (கையால செய்யுற சிமெண்ட் தரைக்கல்) மூணுலயும் வரணும்.

கண்மாய்க்கரை:
மயில் வேண்டாங்க. மயூராசனத்துல உடம்பு முழுக்க ரெண்டு உள்ளங்கையில நிக்கும், முழங்கை வயித்தை அழுத்தும். ரத்தக்கொதிப்பு, குடலிறக்கம் இருக்கிறவங்க செய்யவே கூடாது. பலகையில அதைப் பார்த்தா ஆச்சிமார் படியேற மாட்டாங்க.

நத்தைகுத்தி நாரையை எடுங்க. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வர்ற பறவை. அங்க வர்ற பறவைகளுக்காகவே பக்கத்துக் கிராமமான கொள்ளுகுடிப்பட்டியில தீபாவளிக்குக்கூட வெடி போடுறதில்லை. ஒத்தக்கால்ல நிக்கிறதால விருட்சாசனத்துக்கு அப்படியே பொருந்தும். அலகை மூடினாலும் நடுவுல ஒரு சந்து தெரியும். அதைக் கொஞ்சம் மேல வளைச்சு வரைஞ்சா அதுவே சிரிப்பு.

கோடும் புள்ளியும்:
நாரைதான் சரி. ஆனா காலை வரையுறப்பதான் தப்பு நடக்கும். நாரைக்குப் பின்பக்கமா மடங்குறது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் இறகுக்குள்ள மறைஞ்சிருக்கும். தூக்கின பாதத்தை அந்த மூட்டுல வச்சு வரைஞ்சா, முழங்கால்ல மிதிச்ச மாதிரி தெரியும். விருட்சாசனத்துல கூடாததே அதுதான். பாதம் தொடையில, முடியாதவங்களுக்குக் கெண்டைக்கால்ல. அதனால தூக்கின காலை வயித்து இறகுக்குள்ள சொருகிடுங்க. இறக்கை ரெண்டையும் தலைக்கு மேல கூப்பி விடுங்க.

கழுத்துல கண்டாங்கிச் சேலைக் கட்டம் போட்ட துண்டு அழகா இருக்கும். வாட்ஸ்அப் முகப்புப் பட அளவுக்குச் சுருக்கினா கட்டம் கலங்கிடும், அதுக்கு மட்டும் வெறும் அரக்குச் சிவப்பு போதும்.

பட்டாலை:
கல்லுக்குத் தனியா வரையணும். கண்ணாடி மேல அச்சை வச்சு, தகட்டுத் தடுப்புக்குள்ள வண்ண சிமெண்ட் குழம்பை ஊத்துவாங்க. அச்சை எடுத்துட்டு, மேல காய்ஞ்ச சிமெண்டும் மணலும் தூவி, கலவை போட்டு மட்டம் பண்ணுவாங்க. கண்ணாடி தொட்ட பக்கம்தான் கல்லோட முகம், அதனால படம் இடவலமா மாறிடும். பேரு எழுதுறதா இருந்தா அச்சுல திருப்பி வெட்டணும். நாரைக் கால் நிஜத்துல மாதிரி மெல்லிசா இருந்தா குழம்பு சரியா இறங்காது. அச்சைத் தூக்குறப்ப பக்கத்து நிறமும் ஏறிடும். 8 அங்குலக் கல்லுல காலை அரை அங்குலத்துக்குத் தடிப்பாக்குங்க. வெள்ளை, கருப்பு, சிவப்பு மூணு நிறம் போதும்.

கொட்டான்:
அப்ப நாரையே. கல்லைத் தரையில பதிக்கலாமா?

பட்டாலை:
சுவர்ல பதிங்க. தரைக்கல் கால் பட்டுப்பட்டு மினுங்கும், சுவர்க்கல்லுக்கு அது கிடையாது. அப்பப்ப ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு துணியால துடைங்க. அந்த எண்ணெய்த் துணியை மட்டும் பாய் விரிக்கிற பக்கம் கொண்டுபோகாதீங்க, வழுக்கும்.