லிவர்பூல் 2004-05: லீக்கில் ஐந்தாம் இடம், ஐரோப்பாவில் சாம்பியன். எப்படி?

கேள்வி | நடு_ராத்திரி_மேட்ச்

2004-05 சீசனின் புள்ளிப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் குழப்பமாக இருக்கிறது. பிரீமியர் லீக்கில் 58 புள்ளி, சாம்பியன் செல்சியைவிட 37 குறைவு. எஃப்.ஏ. கோப்பையில் தங்கள் முதல் மேட்சிலேயே பர்ன்லியிடம் தோற்று வெளியே. லீக் கோப்பை ஃபைனலில் செல்சியிடம் 3-2 தோல்வி. அதே டீம் மே 25 அன்று இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் ஏ.சி. மிலானை வீழ்த்துகிறது.

எனக்கு மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். குரூப் சுற்றின் கடைசி மேட்சில் கிரீஸ் அணியான ஒலிம்பியாகோஸை ஜெயித்தால் மட்டும் போதாது, இரண்டு கோல் வித்தியாசம் வேண்டும் என்றார்களே, ஏன்? ஃபைனலில் ஹாஃப் டைமில் பயிற்சியாளர் பெனிடெஸ் மாற்றியது சரியாக என்ன? கோப்பையை ஜெயித்த பிறகும் அடுத்த சீசனில் முதல் தகுதிச் சுற்றிலிருந்து ஆடியது ஏன்?

பதில் | மூலை_உதை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

கடைசி குரூப் மேட்சுக்கு முன் ஒலிம்பியாகோஸ் 10 புள்ளி, லிவர்பூல் 7. லிவர்பூல் ஜெயித்தால் இரண்டு பேரும் 10. அப்போதைய விதிப்படி புள்ளி சமமானால் முதலில் பார்த்தது அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய மேட்சுகளை. மொத்த கோல் வித்தியாசம் அதற்கு அப்புறம்தான். கிரீஸில் லிவர்பூல் 0-1 தோற்றிருந்தது. சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 1-0 ஜெயித்தால் இருவருக்கும் 1-1, அப்போது மொத்த கோல் வித்தியாசத்தில் லிவர்பூல் உள்ளே. ஆனால் 26ஆம் நிமிடத்தில் ரிவால்டோ ஃப்ரீகிக்கில் கோல் போட்டதும் அந்த வழி அடைந்துவிட்டது. 2-1 என்று முடிந்தால் கூட்டுக்கணக்கு 2-2, அப்போது எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்டவரே முன்னே, அந்த வெளிமைதான கோல் ஒலிம்பியாகோஸ் கையில். ஆகவே இன்னொரு கோல் வாங்காமல் மூன்று போட்டே ஆக வேண்டும்.

47இல் சினாமா-பொங்கோல். 80 தாண்டி நீல் மெல்லர். இருவரும் மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கியவர்கள். 86இல் காரகர் பந்தைத் தூக்கிப் போட, மெல்லர் தலையால் பின்னுக்குத் தள்ள, ஜெரார்ட் பெட்டிக்கு வெளியிலிருந்து தரையைத் தொட்டு எழும்பிய பந்தை வலது காலால் அடித்தார். அந்தக் கடைசி நிமிடங்கள் இல்லாவிட்டால் இஸ்தான்புல்லே இல்லை. ஃபைனலைப் பேசுகிற அளவுக்கு இந்த மேட்சைப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பதில் | மூணு_டிஃபெண்டர்

ஹாஃப் டைமில் 0-3. கோளாறு எங்கே என்றால் மிலானின் காகாவை அடைக்க ஆள் இல்லாததில். ஜெரார்டும் அலோன்சோவும் மட்டும் நடுவில். கியூவெல் முன்கள வீரர் பாரோஷுக்குப் பின்னால், 23ஆம் நிமிடத்தில் அவருக்குக் காயம், ஸ்மிட்சர் உள்ளே. மிலானுக்கோ நடுவில் பிர்லோ, கட்டுசோ, சீடார்ஃப், காகா என்று நான்கு பேர். லிவர்பூலின் நடுக்களத்துக்கும் டிஃபென்ஸுக்கும் இடையே காகா தனியாக நின்றார். மூன்றாவது கோலைத் திரும்பப் பாருங்கள்: நடுவட்டத்துப் பக்கம் காகா ஒரு திருப்பு திரும்பி, ஒரே பாஸில் டிஃபென்ஸைப் பிளக்கிறார்; க்ரெஸ்போ லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக்கின் தலைக்கு மேல் மெல்லத் தூக்கி விடுகிறார்.

பெனிடெஸ் ஃபின்னனை எடுத்துவிட்டு ஹாமனை இறக்கினார். பின்னால் காரகர், ஹூப்பியா, ட்ரவோரே மூவர். இடது ஓரம் ரீசே, வலது ஓரம் ஸ்மிட்சர். ஹாமன் காகாவின் வழியில் உட்கார்ந்தார், ஜெரார்ட் முன்னே போகும் சுதந்திரம் கிடைத்தது. பலன் உடனே: 54 ஜெரார்ட், ரீசேயின் கிராஸில் தலையால்; 56 ஸ்மிட்சர் தூரத்திலிருந்து; 60இல் கட்டுசோ ஜெரார்டை இடற, பெனால்டி. அலோன்சோ அடித்ததை மிலான் கோல்கீப்பர் டீடா தடுத்தார், திரும்பி வந்த பந்தை அலோன்சோவே உள்ளே தள்ளினார்.

பலர் விட்டுவிடுவது இதற்குப் பிறகு நடந்ததை. 86இல் மிலான் செர்ஜின்யோவை இடது ஓரத்தில் இறக்கியது. புது வேகத்தோடு அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கத் தொடங்கியதும் ஜெரார்டே வலது பின்பக்கம் போய் அடைத்தார். ஒரே மேட்சில் மூன்று இடத்தில் ஆடிய கேப்டன்.

பதில் | நடு_ராத்திரி_மேட்ச்

நன்றி சகோ, இரண்டும் தெளிவாயிற்று. ஆனால் இவ்வளவு நுணுக்கமாக ஆடத் தெரிந்த டீம் லீக்கில் ஏன் 14 மேட்ச் தோற்றது?

பதில் | வெளியூர்_மைதானம்

அந்த 14இல் 11 வெளியூரில் தோற்றவை. வீட்டில் 12 வெற்றி, வெளியே ஐந்தே. பெனிடெஸின் முறை எதிரணி பந்தை வைத்திருக்கும்போது இடத்தை அடைத்துவிட்டு, கிடைத்த இடைவெளியில் பாய்வது. யுவென்டஸ், செல்சி போன்ற அணிகளோடு இரண்டு லெக் (வீட்டில் ஒன்று, வெளியே ஒன்று) ஆட அது பொருந்தும். யுவென்டஸின் ஊரான டூரினில் 0-0, செல்சியோடு 0-0, 1-0. லீக்கில் கீழ்வரிசை அணிகள் பின்னால் உட்கார்ந்துகொண்டால் பூட்டை உடைக்க ஆள் வேண்டும். கோல் போடுகிறவர்களில் ஓவன் ஆகஸ்டிலேயே ரியல் மாட்ரிட் போய்விட்டார், சிசே அக்டோபரில் காலை உடைத்துக்கொண்டார். ஜெரார்டுக்குச் செப்டம்பரில் பாதத்தில் காயம், அலோன்சோவுக்கு ஜனவரி 1 செல்சி மேட்சில் கணுக்காலில். ஏப்ரலில் டூரினில்தான் திரும்பினார்.

ஜனவரியில் வந்த மொரியென்டஸ் அதே சீசனில் மாட்ரிட்டுக்காகச் சாம்பியன்ஸ் லீக் ஆடியிருந்ததால் லிவர்பூலுக்காக அதில் ஆட முடியாது. செல்சியோடு அந்த சீசனில் ஐந்து மேட்ச்: மூன்று தோல்வி, ஒரு டிரா, ஒரே ஒரு வெற்றி. அந்த ஒன்று செமிஃபைனலின் இரண்டாவது லெக்.

பதில் | மூலை_உதை

மூன்றாவது கேள்வி பாக்கி. அடுத்த சாம்பியன்ஸ் லீக்கில் இங்கிலாந்துக்கு நான்கு இடம், நான்காவதாக வந்தது எவர்டன், 61 புள்ளி. அப்போதைய விதிப்படி கோப்பை வென்றவருக்குத் தானாக இடம் கிடையாது; தேசிய சங்கம் விரும்பினால் நான்காம் அணிக்குப் பதிலாக அனுப்பலாம் என்றிருந்தது. 2000இல் ஸ்பெயின் அப்படித்தான் செய்தது: ஐந்தாவதாக வந்த ரியல் மாட்ரிட் உள்ளே, நான்காவது சரகோசா ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூஃபா கோப்பைக்கு. இங்கிலாந்து சங்கம் எவர்டன் பக்கம் நின்றது. எவர்டன் சம்பாதித்த இடம் அது, பறித்திருந்தால் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஜூனில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா லிவர்பூலுக்குத் தனியாக ஐந்தாவது இடம் கொடுத்தது, முதல் தகுதிச் சுற்றிலிருந்து. ஒரே நாட்டு அணிகளைக் குலுக்கலில் பிரித்து வைக்கும் பாதுகாப்பும் இல்லை. அதனால்தான் குரூப்பில் செல்சியோடு விழுந்தார்கள். ஃபைனல் முடிந்து ஏழே வாரத்தில், ஜூலை 13 அன்று, வேல்ஸின் டி.என்.எஸ். அணியோடு ஆன்ஃபீல்டில் ஆட்டம். 3-0, மூன்றும் ஜெரார்ட். அடுத்து கௌனாஸ், அப்புறம் சி.எஸ்.கே.ஏ. சோஃபியா.

பிறகு விதியை மாற்றி, வென்றவருக்கு இடம் உறுதி என்றார்கள். அதன் அடி 2012இல் டோட்டன்ஹாம் மேல் விழுந்தது: நான்காவதாக வந்தும், ஆறாவதாக வந்த செல்சி ஐரோப்பாவை வென்றதால் இரண்டாம் நிலையான யூரோப்பா லீக்குக்குப் போனார்கள்.